இரண்டரை அறை ஈ

எங்கள் நிலையத்தில் ஒரு பூச்சி ஈயா, தேனீயா என்று தெரிய வேண்டுமானால் அது எந்த நிறக் காகிதத்தில் வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். மஞ்சள் காகிதம் என்றால் தேனீ. சாம்பல் காகிதம் என்றால் ஈ. மெல்கி தன் பூச்சியை வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்தார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் ஒபெத் தெஃபா. குபாங் நகரில் இருக்கும் தீவுப் பூச்சி வகைப்பாட்டு நிலையத்தில் உள்வரவுப் பதிவேட்டு எழுத்தன். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் எண் போட்டு, 'பொருளைப் பார்த்தேன்' என்ற கட்டத்தில் முதல் சுருக்கொப்பம் வைப்பது என் வேலை. எனக்குக் கீழே இன்னும் ஆறு கட்டங்கள் உண்டு. ஏழு பேரும் ஒப்பம் வைத்தால்தான் ஒரு பொருள் பார்க்கப்பட்டதாகக் கணக்கு. அதுவரைக்கும் அது கண்ணுக்கு முன்னால் பறந்தாலும் எங்களுக்குத் தெரியாது.

மெல்கியானுஸ் போய்மாவ் பதினேழு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். நடைவழியின் கடைசி அறையில், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் அவரை வைத்திருந்தார்கள். செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி, சிறகு விரித்து, சீட்டு எழுதுவார். முன்பு அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மீன்வளத் துறைக்கு மாற்றலாகிப் போனார். அவர்களுடைய மேசைகளை யாரும் எடுக்கவில்லை. மதியம் வேகவைத்த சோளமும் அவரைக்கொட்டையும் இருந்த டப்பாவைத் திறந்து, அந்தக் காலி மேசைகளைப் பார்த்தபடி அவர் சாப்பிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை.

அவர் கண்டுபிடித்தது ஒரு தேனீ ஈ. பார்த்தால் புசுபுசுவென்று தேனீதான். ஆனால் ஈ. நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, இரண்டே இறக்கை, அந்தரத்தில் அசையாமல் நிற்கும் வித்தை. முதல் மழைக்கு முந்தின மூன்று வாரம் மட்டும், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மணல் திட்டில் வரும். பெண் ஈ பின்புறத்தால் மணலை அள்ளி, முட்டைக்கு மணல் பூசி, தேனீக்களின் பொந்துக்குள் அந்தரத்தில் நின்றபடியே சுண்டி எறியும். இதையெல்லாம் அவர் என்னிடம் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைக்கும் வரிசையில் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர் சீக்கிரம் விரலை வையுங்கள் என்றார்.

அந்த ஈ எந்த இனம் என்பது இறக்கையில் இருக்கிறதாம். இறக்கை நுனிக்கு அருகே நரம்புகளுக்கு நடுவில் சின்னச் சின்ன அறைகள். அவை இரண்டு என்றால் ஏற்கெனவே பெயர் வைத்த பழைய இனம். மூன்று என்றால் யாரும் பெயர் வைக்காத புது இனம். மெல்கி எண்ணியபோது மூன்று இருந்தது. ஆனால் அந்தத் தொழிலில் ஒருவர் எண்ணியதை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொருவர் தனியாகப் பார்த்து அதே எண்ணைச் சொல்ல வேண்டும்.

அந்த இன்னொருவரைத் தேடித்தான் அவர் என் மேசைக்கு வந்தார். எங்கள் ஊரில் யாரிடமும் ஒன்றைக் கேட்கும் முன் வெற்றிலை நீட்ட வேண்டும். நீட்டினார். போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, ஒரு நிமிஷம் என் ரூமுக்கு வந்து மைக்ராஸ்கோப்ல ஒரு கண்ணு வச்சுட்டுப் போங்களேன்."

"எதுக்கு?"

"எண்ணணும். ரெண்டா மூணானு."

"ஏன், உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு. தினமும் மூணுனுதான் வருது. ரெண்டு வருஷமா ஒத்தை ஆளா அதையே பார்த்துட்டு இருக்கேன். மூணுனு கண்ணு சொல்லுதா, மனசு சொல்லுதான்னே இப்பத் தெரியலண்ணே."

அன்று வியாழக்கிழமை. வியாழன்களில் நெசவுத் துணிச் சட்டை போட்டு வர வேண்டும் என்று உத்தரவு. தூசி ஒட்டிக்கொள்ளும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் வெள்ளி, முற்றத்தில் எல்லோரும் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யும் நாள். திங்கள் கொடியேற்றம். செவ்வாய் எனக்கு மனமில்லை. ஒவ்வொரு நாளும் அவர் வெற்றிலை கொண்டுவந்தார், நான் மென்றேன். இரண்டாவது வாரம் எனக்கே கூச்சமாகிவிட்டது.

"அந்தக் காகிதத்தைக் குடுங்க, முதல் ஒப்பம் வச்சுடறேன்" என்றேன்.

"பார்க்காமலா?"

"நீங்க பார்த்திருக்கீங்கல்ல? உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லாம இருக்குமா?"

வைத்தேன். 'பொருளைப் பார்த்தேன்.' என் ஒப்பம் அழகாக இருக்கும், அதைச் சொல்லியே ஆக வேண்டும். அது இருந்தால் மற்ற ஆறும் தானாக வந்துவிடும். ஒருவர் பார்த்ததை மறுபடி பார்ப்பது அவரை அவமதிப்பது என்பது எங்கள் நிலையத்தின் எண்ணம்.

ஒப்பத்தில் சிக்கல் இல்லை. எந்த அலமாரியில் வைப்பது என்பதில்தான் சிக்கல். காகிதமும், ஈயை ஊசியில் குத்தி வைத்த பெட்டியும் முதலில் தேனீப் பிரிவுத் தலைவி ரத்னாநிங்சி அம்மாவிடம் போயின. கூடவே மெல்கியும் போனார். காகிதத்தைத் தூக்கி வந்தவன் என்ற முறையில் நானும் நின்றேன்.

"இதுக்கு எத்தனை இறக்கை?" என்றார் அம்மா, பெட்டியைத் திறக்காமல்.

"ரெண்டும்மா."

"என் தேனீக்கெல்லாம் நாலு. மிச்சம் ரெண்டை எங்க தொலைச்சீங்க?"

"தொலைக்கலம்மா. இது தேனீ மாதிரி இருக்கிற ஈ. இதோட புழு உங்க தேனீப் புழுவைத் தின்னுதான் வளரும்."

அம்மா கையில் இருந்த அப்பத்தைக் கீழே வைத்தார். "பதினோரு வருஷமா தேனீப் பிரிவைக் கட்டிக் காப்பாத்திட்டு வர்றேன். என் வீட்டுக்கே வந்து என் புள்ளைங்களைத் தின்னவனுக்கு இடம் குடுன்னு கேக்கறீங்க. நல்லா இருக்கு மெல்கி."

"இடம் கேக்கலம்மா. எத்தனை அறைனு ஒரு தடவை நீங்க எண்ணினா..."

"எண்ணவே வேணாம், மூணுதான். மூணுனா புது இனம், ஈப் பிரிவுல புது இழுப்பறை போடணும். எடுத்துட்டுப் போங்க."

மெல்கியின் முகம் மலர்ந்தது. மூன்று என்று இன்னொரு வாய் சொன்னதை முதல் முறையாகக் கேட்கிறார். நடைவழியில் நாலு எட்டு வைத்த பிறகுதான் அந்த வாய்க்கு மேலே இருந்த கண்கள் பெட்டிப் பக்கமே போகவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

ஈப் பிரிவுத் தலைவர் யாகோபுஸ் லியுனோகாஸ் வேறு கவலையில் இருந்தார். ஈப் பிரிவின் ஒரே அலமாரிக்கு ஒரே சாவி. அது பழைய தலைவர் ஓய்வு பெற்ற அன்று அவருடைய கால்சட்டைப் பையோடு போய்விட்டது. நாலு வருஷமாக அலமாரி திறக்கப்படவில்லை. அதற்குள் இருக்கும் ஈக்களின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வந்தது. சாவி தொலைந்ததிலிருந்து இரண்டு அறை ஈக்களையெல்லாம் தேனீப் பிரிவில் தற்காலிகமாக வைக்க ஏற்பாடு.

"ரெண்டு அறைதான்" என்றார் லியுனோகாஸ், வெற்றிலையை மடித்தபடி. "பெட்டி கையில எடுக்கும்போதே தெரியுது. ரெண்டுக்குண்டான கனம்தான் இருக்கு."

"ஐயா, ஒரே ஒரு தடவை..."

"மெல்கி, உங்க வயசுல நானும் இப்படித்தான், எல்லாத்தையும் திறந்து திறந்து பார்ப்பேன். என்ன ஆச்சு? பதவி உயர்வே வரல. பார்க்கறதை நிறுத்தினேன், பிரிவுத் தலைவர் ஆனேன்."

இப்படியே ஏழு மாதம். பெட்டி மேசை மேசையாகப் போனது. எங்கே வைத்தார்களோ அங்கே பலகாரமும் இருந்தது. ஒரு மேசையில் கிடந்தபோது, பெட்டியின் மூலையில் இருந்த அந்துருண்டையை யாரோ எடுத்து விருந்தினர் கழிப்பறையில் போட்டார்கள். தலைநகரிலிருந்து ஆள் வருகிறார்கள், வாடை வரக்கூடாது என்று சொன்னார்கள். அந்துருண்டை பெட்டியில் ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மெல்கி சொல்லியிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை கொடியேற்றத்தில் இயக்குநர் சுவிக்ஞோ ஹார்டிமான் ஐயா இந்த விஷயத்தைக் கையில் எடுத்தார். அவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம், பின்னால் மூன்று. சட்டைப் பெயர்ப்பலகை அக்குள் வரை போகும். நாங்கள் காக்கிச் சீருடையில் வெயிலில் வரிசையாக நின்றோம்.

"நான் இந்த நிலையத்துக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு" என்றார் ஒலிபெருக்கியில். "இதுவரைக்கும் ஒரு பூச்சியைக் கூட நான் தொட்டதில்ல. அதனாலதான் எந்தப் பூச்சி மேலயும் எனக்குத் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு கிடையாது. கண்ணு இருக்கிறவன் எவனும் பார்த்துடலாம். காட்டுல இருக்கிற பல்லி கூடத்தான் ஈயைப் பார்க்குது. பார்த்ததைப் பதிவு பண்ணுதா? இல்ல. அதான் பல்லிக்கும் நமக்கும் வித்தியாசம். சிலர் இங்க ரெண்டுங்கறாங்க, சிலர் மூணுங்கறாங்க. ஒரு ஈக்காக நம்ம ரெண்டு பிரிவு முகம் பார்க்காம இருக்கலாமா? ஈ நாளைக்குப் போயிடும். பிரிவு நிக்கும்."

கை தட்டினோம். மெல்கியும் தட்டினார்.

எங்கள் நாட்டில் கை தூக்கச் சொல்லி ஓர் ஆளைத் தோற்கடிக்கும் வழக்கம் இல்லை. உட்கார்ந்து பேசிப் பேசி எல்லோரும் ஒரு முடிவில் ஒத்துப்போக வேண்டும். அதுவரை எழுந்திருக்கக் கூடாது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார்கள். பெட்டி மேசை நடுவில் இருந்தது. அதன் மேல் ஒரு தேநீர்க் கோப்பை. குறிப்பெடுக்க நான். கேள்வி ஏதாவது வந்தால் பதில் சொல்ல, சுவரோரமாக நாற்காலி இல்லாமல் மெல்கி. கேள்வி வரவில்லை.

ரத்னாநிங்சி அம்மா மூன்று என்றார். லியுனோகாஸ் இரண்டு என்றார். பலகாரம் வந்தது. லியுனோகாஸ், பழைய நட்புக்காகத் தான் கொஞ்சம் ஏறி வரத் தயார் என்றார். அம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்தார். மதியம் இரண்டு மணிக்கு இயக்குநர் முகம் மலர்ந்து அறிவித்தார்.

"இரண்டரை."

எல்லோரும் எழுந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். ரத்னாநிங்சி அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஐயா" என்றார் மெல்கி சுவரோரத்திலிருந்து. "அரை அறைனு ஒண்ணு கிடையாதுங்கய்யா. நரம்பு இருந்தா அறை, இல்லைனா இல்ல. ஒரு தடவை பெட்டியைத் திறந்து..."

"மெல்கி" என்றார் இயக்குநர், மிகவும் அன்பாக. "அஞ்சு மணி நேரம் பேசி நாங்க ஒண்ணாகியிருக்கோம். இப்பப் பெட்டியைத் திறந்து எங்களைப் பிரிக்கப் பாக்கறீங்களா?"

இரண்டரை அறை எந்த இனத்திலும் இல்லை என்பதால் அது புது இனம் என்று முடிவாயிற்று. புது இனத்துக்கு ஹார்டிமான் ஐயாவின் பெயரை வைக்க வேண்டும் என்று லியுனோகாஸ் சொன்னார். ஐயா முறைப்படி இரண்டு தடவை மறுத்தார். மூன்றாவது தடவை கேட்பதற்கு லியுனோகாஸ் சற்றுத் தாமதித்தபோது ஐயாவே அவரைப் பார்த்தார்.

பெயர்ச் சீட்டு எழுதுவதற்காகப் பெட்டி மெல்கியிடம் திரும்பிப் போயிற்று. அரை மணி நேரத்தில் அவர் என் மேசைக்கு வந்தார். கையில் வெற்றிலை இல்லை.

"அண்ணே, ஈ இல்ல."

"எங்க போச்சு?"

"வண்டு தின்னுடுச்சு. ஊசி இருக்கு, சீட்டு இருக்கு. அடியில தூள்."

அந்துருண்டை இல்லாத பெட்டியில் இப்படி ஆகும் என்று அப்போதுதான் சொன்னார். மணல் திட்டுக்கு ஓடிப் பார்த்தாராம். அந்த வருஷத்து முதல் மழை பெய்து, புல் முளைத்துவிட்டது. இனி அடுத்த வருஷம்தான். அவர் அழவில்லை. என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயக்குநர் அறைக்குக் கூட்டிப்போனேன்.

"கோப்பு பத்திரமா இருக்கா?" என்றார் இயக்குநர்.

"இருக்குங்கய்யா" என்றேன்.

"வண்டு கோப்பைத் தின்னலையே?"

"இல்லைங்கய்யா."

"அப்புறம் ஏன்யா ரெண்டு பேரும் எழவு வீட்டுக்காரங்க மாதிரி நிக்கறீங்க? ஏழு பேர் பார்த்து ஒப்பம் வச்ச பொருளை ஒரு வண்டு வந்து இல்லாம ஆக்கிட முடியுமா? அப்படி விட்டா நாளைக்கு வண்டுதான் நிலையத்தை நடத்தும். போங்க. சனிக்கிழமை விழா. மைக்ராஸ்கோப்பைத் துடைச்சு வைங்க மெல்கி, விருந்தாளிங்க பார்ப்பாங்க."

"எதைங்கய்யா பார்ப்பாங்க?"

"அது அவங்க பாடு."

விழாவுக்கு நாற்பது பேர் வந்தார்கள். நுண்ணோக்கிக்கு மாலை போட்டு, அடியில் நெசவுத் துணி விரித்திருந்தார்கள். பக்கத்தில் மெல்கி, தெளிவு சரிசெய்து கொடுக்க. அட்டைப் பெட்டியில் பலகாரத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இரண்டு வருஷமாக ஒரு கண்ணுக்கு அலைந்த மனிதருக்கு அன்று எண்பது கண் கிடைத்தது.

தலைநகரிலிருந்து வந்தவர் முதலில் குனிந்தார். "அடடா, என்ன மயிர், என்ன அடர்த்தி!" என்றார். ஆளுநர் அலுவலக அதிகாரி, மூக்கு இவ்வளவு நீளமாக இருக்கும் என்று தான் நினைக்கவே இல்லை என்றார். ரத்னாநிங்சி அம்மா வெகு நேரம் பார்த்து, "கொடூரமான முகம்" என்றார். லியுனோகாஸ், "நான்தான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகாரத்தைப் பிரித்தார். ஒவ்வொருவருக்கும் மெல்கி "நன்றிங்க" என்று சொன்னார். யாரிடமும் வேறு எதுவும் கேட்கவில்லை.

என் முறை வந்தது. குனிந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கருவியில் நான் கண் வைத்தது அதுதான் முதல் தடவை. வெளிச்சத்துக்கு நடுவில் ஊசி கம்பம் போலத் தடித்து நின்றது. அதன் அடியில் பழுப்புத் தூள்.

"எத்தனை அறைண்ணே?" என்றார் மெல்கி.

என்னிடம் மட்டும்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் போதும், அவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு துணை கிடைத்திருக்கும். எனக்குப் பின்னால் இயக்குநரின் வாசனைத் தைலம் மணத்தது. என் தோள்மேல் அவர் கை இருந்தது.

"ரெண்டரை" என்றேன்.

மெல்கி என்னைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். "நன்றிங்க" என்றார், மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரியே.

டிசம்பரில் அவருடைய தற்காலிகப் பணி நீட்டிக்கப்படவில்லை. ஈ வகைப்படுத்தப்பட்டுவிட்டதால் ஈ பார்க்க ஆள் தேவையில்லை என்று உத்தரவில் இருந்தது. எண் போட்டு, ஒப்பம் வைத்து, நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சோஎ மலையூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றார். கிளம்பிப் போகும்போது என்னிடம் எதையும் பார்க்கச் சொல்லவில்லை.

அடுத்த அக்டோபரில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில், எனக்கு மேசையில் இருப்புக் கொள்ளவில்லை. மெல்கியின் அறைக்குப் போனேன். வலை ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு மணல் திட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு வயதில் ஓர் அரசு ஊழியன் காக்கிச் சீருடையோடு மணலில் வலையும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் காவலாளி உள்ளே போய் யாரிடமோ சொன்னான். பத்து மணிக்கு அவை வந்தன. அந்தரத்தில் நின்றன. இதைத்தான் அந்த மனிதர் இரண்டு வருஷம், பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாலு நாள் தவறவிட்டேன். ஐந்தாம் நாள் ஒன்று சிக்கியது. கோணல்மாணலாக ஊசியில் குத்தி, விளக்கைப் போட்டு, கண்ணை வைத்தேன். நரம்புகள் பளிச்சென்று தெரிந்தன. எண்ணினேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன். பிறகு மெல்கிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கோழிகள் கத்தின.

"மெல்கி, நான் ஒபெத். மூணு! மூணு அறைதான்!"

அவர் கோழிகளை விரட்டுவது கேட்டது.

"எதைப் பார்த்தீங்க?"

"புதுசா ஒண்ணு புடிச்சேன். நானே புடிச்சேன், நானே குத்தினேன். ரெண்டு தடவை எண்ணிட்டேன். நீங்க பார்த்ததும் மூணு, நான் பார்த்ததும் மூணு. ரெண்டு பேர் ஆச்சு இல்ல? இனி எழுதலாம் இல்ல?"

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றார் மெல்கி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "ஒண்ணுமே இல்லாத ஊசியில ரெண்டரை எண்ணினவரு நீங்க. இப்ப மூணுங்கறீங்க. அதை நான் எந்தக் கணக்குல சேர்க்கிறது?"

சோளம் காயப் போட்டிருக்கிறேன், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து மறுபடியும் கண்ணை வைத்தேன். மூன்றுதான் தெரிந்தது.